கதவருகே மூன்று நாள்

இலங்கை மலையகத்தில், வட்டகொடை ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், காசு கொடுத்து டெலிபோன் பேசும் கொமினிகேஷன் கடை நான் வைத்திருந்த காலம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் காளியாயி அக்காவுக்குக் காது மந்தம் என்பதால், அவர் மகள் வினோதா பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். அதனால் எனக்கும் எல்லாம் தெரியும்.

வினோதா 2002இல் உதவித்தொகை கிடைத்து நோர்வேக்குப் படிக்கப் போனாள். அங்கே கண்டு வாய்பிளந்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்வாள். பேராசிரியரை எல்லோரும் லார்ஸ் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். சாப்பாட்டு வரிசையில் அவர், கூட்டுகிற அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறாராம்.

“பொய் சொல்லாத புள்ள!” என்று அக்கா சிரிப்பார்.

ஒரு ஞாயிறு அவள் குரல் கம்மியிருந்தது. ஆய்வுப் படிவத்தில் லார்ஸ் போன வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தவறினால் உதவித்தொகை போய்விடும், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். புதன்கிழமையே அவர் அறைக்குப் போயிருக்கிறாள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் தோட்டத்தில் பிறந்தவளுக்கு அது போதுமா? எங்கள் தோட்டத்து ஆபீசில் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்போம். பேர் சொல்லிக் கூப்பிடும்வரை, மழையானாலும் நிற்போம். கூப்பிடாவிட்டால் மறுநாள் வருவோம். அவளும் அப்படியே நின்றாள்.

புதனும் வியாழனும் போயின. அந்த ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. வேலை இருப்பவர்கள் தட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். யாரோ தோழிக்காக நிற்கிறாள் என்று நினைத்து, லார்ஸ் போகும்போதும் வரும்போதும் சிரித்துவிட்டுப் போனாராம். எனக்குக் கேட்கக் கேட்க எரிச்சல். படித்த பிள்ளைக்கு வாயைத் திறந்து கேட்டால் என்ன? நானாக இருந்தாலும் நின்றிருப்பேன் என்பது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் குளிர்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வினோதாவுக்கு அழுகை வெடித்துவிட்டது. அழுதுகொண்டே படிவத்தை நீட்டினாள்.

“மூணு நாளும் எனக்காகவா நின்னீங்கன்னு கேட்டாரும்மா. உள்ள கூட்டிட்டுப் போயி அவரு கதிரையில உக்கார வச்சாரு. கையெழுத்தும் போட்டாரு. அப்புறம், நான் கவனிக்காம விட்டது என் தப்பு, என்ன மன்னிச்சிருங்கன்னாரு.”

காக்கவைத்ததற்காக எங்கள் ஆட்களிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டார் என்று அதுவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியும் ஒரு ஊர் இருக்கிறதா என்று ஆச்சரியம் தாங்கவில்லை.

“தொரை நின்னுக்கிட்டா கேட்டாரு?” என்றார் அக்கா, மெல்ல.

“ஆமாம்மா.”

“நீ உக்காந்திருந்தியா?”

“ஆமா.”

“அவரு அப்படிச் சொன்னதும் எந்திரிச்சிட்டியா?”

“எந்திரிக்கத்தான் பாத்தேன். அப்புறம் எந்திரிக்கலம்மா.”

“எந்திரிக்காத புள்ள,” என்றார் அக்கா, மகள் இன்னும் அந்தக் கதிரையிலேயே இருப்பதுபோல. “எந்திரிக்காத.”