எட்டுப் பேரில் ஒருவருக்கு மட்டும் பேசிய வினாத்தாள்

1. காலை பத்தரை

அன்று காலை பத்தரை மணிக்கு என்னை விடக் கெட்டிக்காரி கண்டியிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அந்த நினைப்பு போய்விட்டது. மென்பொருள் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்லும் முதல் கதை இதுதான்.

அம்பிட்டியச் சரிவில் ஒரு கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். ஆறு பேர் வேலை செய்கிறோம். நான் கலா, மூத்த டெவலப்பர். கண்டியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம் பார்வையற்றவர்களுக்கு ஒரு வருடக் கணினிப் பாடநெறி தொடங்கியது. முடித்தவர்களுக்கு வேலையும் அந்த நிலையமே எடுத்துக் கொடுக்கும். இடம் மூன்று, விண்ணப்பித்தவர்கள் எட்டுப் பேர். நுழைவுப் பரீட்சை தமிழில், கணினியில். அந்தப் பரீட்சை மென்பொருள் எங்கள் பொறுப்பு.

பார்வையில்லாதவர் கணினியில் வேலை செய்வது ஸ்கிரீன் ரீடரை வைத்து. திரையில் உள்ளதை அது குரலில் வாசிக்கும். அவர் ஹெட்செட்டில் கேட்டபடி மவுஸைத் தொடாமல் கீபோர்ட்டாலேயே நகர்வார். நாங்கள் ஒவ்வொரு பட்டனுக்கும் சரியான பெயர் கொடுக்க வேண்டும், ஒழுங்கு மாறாமல் அடுக்க வேண்டும். எனக்கு இந்த வேலை வந்ததும் தலைகால் புரியவில்லை. பதினாறு வருடமாக ஹோட்டல் அறை பதிவும் கடை பில்லும் எழுதி அலுத்துப்போயிருந்தவள் நான். இரண்டு மாதம் சோறு தண்ணி மறந்து எழுதினேன். கடைசியில் குறை பிடிக்கிற டூலை ஓடவிட்டேன். நூற்றுக்கு நூறு.

பரீட்சைக்கு ஐந்து நாள் முன்பு பயிற்சிக்காக எட்டுப் பேரையும் எங்கள் அலுவலகத்துக்கே அழைத்தோம். மாதிரிக் கேள்விகள் இருபது. எல்லோரும் கதிரைகளில் அமர்ந்து ஹெட்செட்டை மாட்டினார்கள். நான் மார்பில் கைகட்டி நின்றேன்.

"மிஸ், இது என்னமோ இங்கிலீஷ்ல பேசுது," என்றார் கலகெதரையிலிருந்து வந்த நவாஸ்.

"வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க."

"கொறச்சிட்டேன். இப்ப மெதுவா வெளங்காம இரிக்கி."

பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. மற்றவர்களும் அதையே சொன்னார்கள். "அடுத்த கேள்வி", "முந்தைய கேள்வி" என்ற பட்டன்கள் தெளிவாகக் கேட்கின்றனவாம், கேள்விதான் விளங்கவில்லையாம். ஆனால் ஓரத்துக் கதிரையில் கெலிஓயாவிலிருந்து வந்த ரிஸ்னா என்ற பெண் ஒரு வார்த்தை பேசாமல் டக் டக்கென்று விடை போட்டுக்கொண்டே போனார். வயது இருபத்தாறு இருக்கும். எட்டிப் பார்த்தேன். பதினோராவது கேள்வி. போட்டதெல்லாம் சரியான விடை.

எங்கள் முதலாளி தவராசா சேர், யாழ்ப்பாணத்துக்காரர், அறைக்குள்ளிருந்தே கேட்டார். "என்ன கலா, எல்லாம் சரியோ?"

"ரிஸ்னாவுக்கு சூப்பரா ஓடுது சேர். மத்தவங்களுக்குப் பழக்கம் பத்தாது, அவ்வளவுதான்."

இதை எட்டுப் பேரின் காதில் விழும்படி சொன்னேன். இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது. நவாஸ் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அந்தச் சத்தத்துக்கு ரிஸ்னாவின் கை நின்றது.

"மிஸ், அவங்கள்ல பிழ இல்ல," என்றார். "இது தமிழே இல்ல. கொஞ்சம் கேட்டுப் பாருங்களே."

2. செமிகோலன்

நவாஸின் ஹெட்செட்டை மாட்டினேன். முதல் கேள்வி 'அம்மா' என்று தொடங்கும் ஒரு வாக்கியம். என் காதில் விழுந்தது இது: "எம், கே, செமிகோலன், கே, எச்."

ஒரே நொடியில் விளங்கிவிட்டது. நம் நாட்டில் அரசாங்கக் கந்தோர்களிலும் அச்சகங்களிலும் இன்னும் பழைய ஃபொன்ட்டில்தான் தமிழ் அடிக்கிறார்கள். திரையில் பார்த்தால் அழகான தமிழ். உள்ளே கணினி வைத்திருப்பது வெறும் ஆங்கில எழுத்து. எம் என்ற எழுத்துக்கு மேல் 'அ' என்ற உருவத்தைப் போர்த்தியிருப்பார்கள், அவ்வளவுதான். கண்ணுக்குப் போர்வை தெரியும். ஸ்கிரீன் ரீடருக்குப் போர்வை தெரியாது. நிலையத்தின் கிளார்க் கேள்விகளை அந்த ஃபொன்ட்டில் அடித்து அனுப்பியிருந்தார். நான் அப்படியே ஒட்டிவிட்டேன். என் பட்டன்களும், நான் சோதித்துப் பார்த்த கேள்விகளும் நானே யூனிகோடில், கணினி தமிழ் எழுத்தாகவே அறியும் முறையில், அடித்தவை. அதனால் எனக்கு எல்லாம் தமிழ் பேசியது. குறை பிடிக்கிற டூலுக்கோ எழுத்து இருக்கிறதா என்று மட்டும்தான் தெரியும். அது என்ன எழுத்து என்று தெரியாது.

"அப்ப உங்களுக்கு எப்படிங்க விளங்கிச்சு?" என்று ரிஸ்னாவிடம் கேட்டேன்.

"வாப்பாட டைப்பிங் கடையில ஏழு வருசமா நான்தான் லெட்டர் அடிக்கிற. இதே ஃபொன்ட்தான். நான் 'அ' அடிக்கக்குள்ள காதுல 'எம்'முண்டுதான் கேக்கும். பழகிட்டு. இப்ப எம் கே செமிகோலன் கே எச்சுண்டா எனக்கு அம்மாதான்."

ஒரு மனுஷி ஏழு வருடமாக ஒரு எழுத்தையும் தமிழில் கேட்காமல் தமிழ் அடித்திருக்கிறார். அதுவும் நான் தொடர முடியாத வேகத்தில். கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. அதே நேரம் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

3. தவராசா சேரின் யோசனை

சேர் வந்து விஷயத்தைக் கேட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் கெடு என்றால் பதறிவிடுவார்.

"இன்னும் நாலு நாள்தான் கிடக்கு, கலா. கேள்வி நூற்றிருபது. மாத்தி எழுதப் போய் ஒண்டு பிழையாப் போனால் எல்லாம் பிழைச்சுப் போகும். ஒராளுக்கு ஓடுது தானே. மற்ற ஆக்களுக்குப் பக்கத்தில ஒராளை இருத்தி வாசிச்சுக் காட்டுவம்."

நான் வாயைத் திறப்பதற்குள் ரிஸ்னா சொன்னார். "சேர், எனக்கு வாசிச்சுக் காட்டியிரிக்காங்க. போன பரீட்சையில வாசிக்க வந்த டீச்சர் கணக்குக் கேள்விய எல்லாம் விட்டுட்டாங்க. கேட்டதுக்கு, இதெல்லாம் உங்களுக்கு ஏலாது மகள்னு சொன்னாங்க."

ரிஸ்னா விரலால் மேசை ஓரத்தைத் தடவிக்கொண்டே தொடர்ந்தார். "நான் நல்லவ மாதிரி பேசுறேன்னு நெனைக்காதீங்க. இருவது நிமிசம் சும்மாதான் இருந்த. எனக்கு மட்டும் வெளங்குதுண்டு தெரிஞ்சிச்சி. வாய மூடிட்டு இருந்தா ஒரு சீட் எனக்குத்தான். எங்கட வீட்டுல அந்த சீட்டத்தான் எல்லாரும் பாத்துட்டு இரிக்காங்க. ஆனா பக்கத்துல அவர் ஹெட்செட்ட கழட்டி வெச்ச சத்தம் கேட்டிச்சி. நான் எத்தின தரம் அப்பிடி கழட்டி வெச்சிரிக்கிறேன். அதுக்குப் பொறகு ஏலாமப் போயிட்டு."

சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாலு நாளில முடிப்பீரோ?" என்றார்.

"முடிக்கிறேன் சேர்."

எப்படி என்று எனக்கே தெரியாது.

4. திரையை அணைத்துவிட்டு

பழைய ஃபொன்ட்டை யூனிகோடாக மாற்றுகிற கன்வேர்ட்டர்கள் இருக்கின்றன. ஒன்றைப் போட்டேன், அரை நிமிடத்தில் நூற்றிருபது கேள்வியும் மாறின. துள்ளிக் குதித்தேன். பிறகுதான் பார்த்தேன், கேள்விகளுக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்த இடமெல்லாம் தமிழ்க் குப்பையாகிவிட்டது. அவற்றைத் தவிர்க்கும்படி கன்வேர்ட்டரைத் திருத்தினேன். இப்போது சில தமிழ்த் துண்டுகள் மாறாமல் தங்கின. வினாத்தாள் பக்கத்தோடு பழைய ஃபொன்ட் இன்னும் இணைந்திருந்ததால் மாறியதும் மாறாததும் கண்ணுக்கு ஒரே மாதிரி. கண்ணால் தேடி இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

ரிஸ்னாவுக்கு ஃபோனில் கோல் எடுத்தேன். அவர் பரீட்சை எழுதுகிறவர், வினாத்தாளைக் காட்டக்கூடாது. பிழையைக் காதால் பிடிக்க எப்படிக் கேட்பது என்று மட்டும் விசாரித்தேன்.

"மொதல்ல திரைய ஓஃப் பண்ணுங்க மிஸ். திரை இருந்தா கண்ணுதான் வாசிக்கும், காது தூங்கிடும். பிறகு பத்துக் கேள்விக்கு ஒருக்கா வேகத்தக் கூட்டுங்க. மெதுவாக் கேட்டா மனசு வேற எங்கயாவது போயிடும்."

திரையை அணைத்தேன். முதல் நாள் முப்பது கேள்வி. தலை வெடித்தது. இரண்டாம் நாள் காது திறந்தது. சொல்லத் தெரியவில்லை, அப்படி ஒரு சந்தோஷம். தமிழ் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு "கே செமிகோலன்" வந்தால் சோற்றில் கல் கடிபட்டது போல உடனே தெரிந்துவிடும். நிறுத்துவேன், திருத்துவேன், ஓடுவேன். மூன்றாம் நாள் நான் வைத்திருந்த வேகத்தைக் கேட்டுவிட்டு, "இது என்ன, வண்டு பறக்கிற மாதிரிக் கிடக்கு?" என்றார் சேர்.

படக் கேள்வி ஒன்று இருந்தது. ஒரு வருட மழைவீழ்ச்சி வரைபடம். படத்தை ஸ்கிரீன் ரீடரால் வாசிக்க முடியாது, நாம்தான் விவரித்து எழுத வேண்டும். பெருமையாக எழுதிச் சேருக்கு வாசித்துக் காட்டினேன். "மாதாந்த மழைவீழ்ச்சி வரைபடம். நவம்பரில் மழை மிக அதிகம்."

"கேள்வி என்ன, பிள்ளை?"

"எந்த மாதத்தில் மழை மிக அதிகம்?"

இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு பன்னிரண்டு மாதத்தையும் அளவுகளையும் அட்டவணையாகப் போட்டேன். தேடிக் கண்டுபிடிக்கிற வேலையை எழுதுகிறவருக்கே விட்டுவிட வேண்டும். பார்க்கிறவர்களும் அதைத்தானே செய்கிறார்கள்.

5. பரீட்சை

இந்தத் தடவை நான் பெருமையாக நிற்கவில்லை. மண்டபத்தின் பின்வரிசைக் கதிரையில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மணி அடித்தது. ஒரு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு உயிர் போய் வந்தது. பிறகு ஒரு கீபோர்ட் தட்டும் சத்தம் கேட்டது. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எட்டும் சேர்ந்து தட்டின. நடுவில் நவாஸ் ஏதோ ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுத் தனியாகச் சிரித்தார். என்ன கேள்வி என்று எனக்குத் தெரியாது. வினாத்தாளில் சிரிக்கக்கூடிய ஒன்று இருந்து, அது அவருக்குக் கேட்டிருக்கிறது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

இந்தத் தொழிலில் நான் படித்த பாடம் எளிது. ஒருவருக்கு ஓடுகிறது என்றால் ஒருவருக்கு ஓடுகிறது, அவ்வளவுதான். மற்ற ஏழு பேரும் விளங்கவில்லை என்று சொன்னால், பழக்கம் போதாது என்று சொல்வதற்கு முன் அவர்களின் ஹெட்செட்டை வாங்கி உங்கள் காதில் மாட்டுங்கள்.

முடிவு வந்த அன்று ரிஸ்னா கோல் எடுத்தார்.

"மிஸ், நவாஸ் நானாதான் மொதலாவது." அண்ணனை அவர்கள் நானா என்பார்கள்.

"நீங்க?"

"நாலாவது."

மூன்று இடம்தான். "அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தீங்கன்னா…" என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.

"தெரியும் மிஸ். அழுதேன், இல்லண்டு சொல்லல்ல. உம்மாவும் அழுதாங்க. ஆனா இதுக்கு முந்தி நான் ஒரு பரீட்சையிலயும் தோத்ததில்ல. தோக்கிறதுக்கு கேள்வி முழுசா காதுல விழணுமே. இதுதான் நான் உண்மையாத் தோத்த மொதப் பரீட்சை."

ஃபோனை மறுகாதுக்கு மாற்றினேன்.

"பேனை இரிக்கா? எழுதிக்கோங்க," என்றார். "ஒவ்வொரு விடைக்கும் போகக்குள்ள முழுக் கேள்வியையும் திருப்பி வாசிக்குது. எல்லாருக்கும் அதில நேரம் போயிட்டு. அடுத்த வருசம் நான் வாரதுக்கு முந்தி அத திருத்தி வைங்க."

எழுதிக்கொண்டேன்.