எங்கள் குடியிருப்பின் தூய தமிழ் உப்புகள்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தமிழ் பேசுகிறவர்களுக்கென்று ஒரு வட்டம் இருக்கிறது. பொங்கலுக்குக் கரும்பு கட்டுவது, சித்திரை பிறந்தால் வேட்டி கட்டுவது, வருடத்துக்கு ஒருமுறை தமிழ் அழிந்துகொண்டிருக்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது ஆகியவை அதன் பணிகள். கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னுடையது. தேதி இல்லாத செய்தியை நான் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை; அந்தப் பழக்கம் தெரிந்துதான் கொடுத்தார்கள் என்று சொல்வேன். வேறு யாராலும் தமிழில் இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் எழுத முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்லப்போவது ஜூன் முதல் வாரத்தில் தொடங்கி ஆடி முடிவதற்குள் முடிந்துபோனது.

அந்த ஜூனில் என் மனைவியின் தங்கை மகள் திண்டிவனத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பத்தாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். இங்கே பக்கத்துக் கல்லூரியில் முதலாம் பி.யூ.சி., அதாவது நம்மூர் பிளஸ் ஒன், அறிவியல் பிரிவில் இடம் கிடைத்திருந்தது. பார்மசி படிக்க வேண்டும், ஊரில் சொந்தமாக ஒரு மருந்துக் கடை வைக்க வேண்டும். இதை அவள் ஆசை என்று சொல்லவில்லை, முடிவு என்றுதான் சொன்னாள். ஆனால் கல்லூரியில் ஒரு விதி. முதல் இரண்டு மாதம் பழைய பாடங்களை ஒரு சுற்று ஓட்டுவார்கள். ஜூலை கடைசியில் தேர்வு. அதில் வேதியியலில் தவறுகிறவர்களை வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதை மிக இனிமையாக எடுத்துரைத்தார்கள். எல்லாம் பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்காகவாம்.

தேர்வில் பாதி, அயனிச் சேர்மங்கள். பெயர் கொடுத்தால் வாய்ப்பாடு எழுத வேண்டும், வாய்ப்பாடு கொடுத்தால் பெயர் எழுத வேண்டும்.

வட்டத்தின் தலைவர் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெலிவரி மேனேஜர். மகனிடமும் நாயிடமும் ஆங்கிலம், எங்களிடம் தமிழ் என்று பிரித்து வைத்திருப்பவர். எங்கள் வீட்டுக்குத் தமிழ்வழிப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் அடுத்த சனிக்கிழமையே பார்க்க வந்தார். சரணாலயத்தில் அபூர்வப் பறவையைப் பார்க்க வந்தவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். வேதியியல் வாய்ப்பாடுகளைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டார்.

"எங்க புக்லயும் NaCl-னுதான் அங்கிள் போட்டிருக்கும்," என்றாள் அவள்.

பேரும் சோடியம் குளோரைடுதான் என்று அவள் சேர்த்துச் சொன்னபோது, தலைவரின் முகத்தில் ஏதோ உறவினர் இறந்த செய்தி வந்ததுபோல் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசரக் கூட்டம் போட்டார்.

அந்தக் கூட்டத்தில்தான் தனிமங்கள் அனைத்துக்கும் தூய தமிழ்ப் பெயர் சூட்டுவது, அவற்றின் முதல் எழுத்தைக் கொண்டே வாய்ப்பாடு எழுதுவது, ஆடி மாதம் நம் குடியிருப்பு விழாவில் அதை வெளியிடுவது என்று முடிவாயிற்று. வேலை எக்செல் தாளில் நடந்தது. ஒருவர் பெயர் முன்மொழிவார், இன்னொருவர் பரிசீலிப்பார், மூன்றாமவர் பச்சை நிறம் அடிப்பார். சோடியத்துக்கு உப்பியம். குளோரினுக்குப் பசுமியம். கால்சியத்துக்குச் சுண்ணகம். ஆக்சிஜன் ஏற்கெனவே உயிர்வளி ஆகிவிட்டிருந்ததால் அதைப் பெருந்தன்மையோடு விட்டுவைத்தார்கள்.

நான் ஒரு தகவல் சொன்னேன். நவச்சாரம், அன்னபேதி, மயில்துத்தம், படிகாரம், வெடியுப்பு என்று உப்புகளுக்குத் தமிழில் வழக்குப் பெயர்கள் எப்போதோ இருக்கின்றனவே, நாட்டு மருந்துக் கடையில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் பொட்டலம் கட்டித் தருவார்களே என்றேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் கடைப் பெயர்கள், அறிவியல் தமிழ் ஆகாது என்றார். நானும் அதை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

சிக்கல் எண்களில் வந்தது. எழுத்து தமிழாக இருக்கும்போது எண் மட்டும் ஏன் அந்நியமாக இருக்க வேண்டும் என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அங்கிருந்த ஒருவருக்கும் தமிழ் எண்கள் தெரியாததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த வாரம் திரையில் போட்டுப் பார்த்தோம். தமிழில் இரண்டு என்ற எண்ணும் 'உ' என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்றேதான். சோடியம் ஆக்சைடில் உப்பியம் இரண்டு, உயிர்வளி ஒன்று. ஆக மொத்தம் திரையில் வரிசையாக மூன்று உகரங்கள். பூஜையோடு ஆரம்பிக்கிறோமா, மூன்று பிள்ளையார் சுழி எதற்கு என்று பின்வரிசையில் ஒரு அம்மாள் கேட்டார்.

"பரவால்ல, அடுத்த வெர்ஷன்ல ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்," என்றார் தலைவர். அதற்கொரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

அன்றைக்கு என் மனைவியின் தங்கை மகளையும் வரச் சொல்லியிருந்தார்கள். இந்த ஏற்பாடு யாருக்காகவோ அந்தப் பயனாளரின் கருத்தையும் கேட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் தொழில் தர்மம். அவள் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அலுமினியம் சல்பேட்டில் அடைப்புக்குறி எப்போது போடுவது, எதற்காகப் போடுவது?

ஆளுக்கொரு பக்கமாக எக்செல் தாளைப் புரட்டினார்கள். அத்தனை பேரும் பொறியாளர்கள்.

"அது ஃபேஸ் டூம்மா," என்றார் தலைவர். "இப்ப பேர் மட்டும்தான் ஸ்கோப்ல இருக்கு."

அவளுக்குத் தடை பெயரில் இல்லை. சோடியம் குளோரைடு என்று படித்தவளுக்கு அதையே ஆங்கில எழுத்தில் எழுத ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. இணைதிறனை வேலன்சி என்றும், நேர்மின் அயனியைக் கேட்டயான் என்றும் மாற்றிக்கொண்டாள். தடையெல்லாம் கணக்கில்தான். விரிவுரையாளர் கரும்பலகையில் மேலே இருக்கும் மின்சுமைகளைக் குறுக்காகக் கீழே இறக்கிவிட்டு, புரிகிறதா என்று கேட்டுக்கொண்டே அழித்துவிடுவாராம். சல்பேட் போன்று பல அணுக்கள் சேர்ந்து ஒரே அயனியாக வரும் இடத்தில் இவள் தடுமாறினாள். அலுமினியத்தின் மூன்றைக் கொண்டுபோய் சல்பேட்டின் நான்குக்குப் பக்கத்தில் ஒட்டி, Al2SO43 என்று எழுதி வைத்திருந்தாள். ஆக்சிஜன் மட்டும் நாற்பத்து மூன்று. கல்லூரியில் அதற்கொரு சிவப்புச் சுழி மட்டும் போட்டிருந்தார்கள், விளக்கம் இல்லை.

என்னிடம் கேட்டாள். நான் நிறையப் படித்தவன் என்று வீட்டில் பெயர். ஆகவே வெடியுப்பு எந்த வழியாக இந்தியாவிலிருந்து ஐரோப்பாவின் பீரங்கிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அரை மணி நேரம் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இது டெஸ்ட்ல வருமா பெரியப்பா?" என்றாள்.

ஜூலை நடுவில் அவள் ஒரு தோழியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ஆனேக்கல் பக்கத்துப் பெண். அரசுப் பள்ளியில் கன்னட வழியில் படித்தவள். அதே வகுப்பு, அதே பயம். அவளுக்குத் தமிழ் பாதி தெரியும், இவளுக்குக் கன்னடம் கால்வாசி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த முக்கால்வாசி மொழியில் படித்தார்கள். சல்பேட் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள் என்று அந்தப் பெண் விளக்கியது அடுக்களைவரை கேட்டது. மூன்று குடும்பம் வேண்டுமென்றால் ஆளை ஆளாக எண்ணாதே, வீட்டைச் சுற்றிச் சுவர் கட்டி வீட்டை எண்ணு.

"ஃபர்ஸ்ட் ப்ராக்கெட் ஹாக்கு, ஆமேலே நம்பர். கொத்தாய்த்தா?" முதலில் அடைப்புக்குறி போடு, அப்புறம் எண், புரிந்ததா என்கிறாள்.

"அப்ப ஒரே குடும்பம்னா?"

"ஒந்தே வீட்டுக்கு யாராச்சும் காம்பவுண்ட் கட்டி நம்பர் போடுவாங்களா? சும்மா விடு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடுக்குச் சுவர் உண்டு, சோடியம் ஹைட்ராக்சைடுக்கு இல்லை என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. இரும்பு சில சமயம் இரண்டு, சில சமயம் மூன்று என்று நடந்துகொள்வதை அடுத்த வாரம் இவள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

விழா ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்தது. தேர்வு மறுநாள் திங்கட்கிழமை. விழாவில் இவள் மேடையேறி, 'தமிழ்வழி மாணவி' என்ற அட்டையோடு பத்து வாய்ப்பாடுகளைத் தூய தமிழில் சொல்ல வேண்டும் என்று தலைவர் ஏற்பாடு செய்திருந்தார். ஏற்பாடு செய்ததை இவளிடம் யாரும் சொல்லவில்லை. வாட்ஸாப்பில் வந்த அழைப்பிதழில் பார்த்துத்தான் நாங்களும் தெரிந்துகொண்டோம்.

அன்று காலை தோழி பேருந்தில் வந்து வாசலில் நின்றிருந்தாள். விழா நாள் என்பதால் காவலாளி உள்ளே விடவில்லை. அவளை அழைத்துவர இவள் இறங்கிப் போனாள், துணைக்கு நானும் போனேன். பட்டு வேட்டியில் தலைவர் அங்கேயே நின்று வாழைமரம் கட்டுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். இன்னும் புடவை கட்டவில்லையா என்று இவளைக் கேட்டார்.

"நான் வரல அங்கிள். நாளைக்கு டெஸ்ட்."

"ரெண்டே நிமிஷம்மா. சொல்லிட்டு எறங்கிடலாம்."

"அந்தப் பேரையெல்லாம் மனப்பாடம் பண்ணா எங்களுது மறந்துடும் அங்கிள். ஃபெயிலானா காமர்ஸ்ல போட்டுடுவாங்க."

"உனக்காகவா கேக்கறேன்? தமிழுக்காகக் கேக்கறேன்."

"தமிழ்ல நான் பாஸ் பண்ணிட்டேன் அங்கிள்," என்றாள் அவள், கொஞ்சமும் குரல் உயர்த்தாமல். "கெமிஸ்ட்ரிலதான் இன்னும் பண்ணல."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் வாழைமரத்தைப் பார்த்தேன். பிறகு அவர் தோழியைச் சுட்டி, இந்தப் பெண் யார், கன்னடமா என்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குள் இரண்டு பெண்களும் லிஃப்டுக்குள் போயிருந்தார்கள்.

விழா நடந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். தமிழ்வழி மாணவிக்குப் பதிலாகத் தலைவரின் மகன் மேடையேறினான். பிள்ளை சர்வதேசப் பள்ளியில் படிக்கிறான். தமிழ் எழுத்து ஒன்றும் வாசிக்க வராது. ஆகவே உப்பியம், பசுமியம் எல்லாவற்றையும் அவன் அம்மா ஆங்கில எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார். அவன் அதைப் பார்த்துப் படித்தான். ழகரத்தில் மட்டும் விழுந்து எழுந்தான். இறங்கும்போது சிறப்பு விருந்தினர் அவனை நிறுத்தி, பசுமியம் என்றால் என்ன தம்பி என்று அன்போடு கேட்டார். ஏதோ பச்சைக் காய்கறி என்று நினைப்பதாக அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னான். கைதட்டல் பலமாக இருந்தது. தமிழ் இனிச் சாகாது என்று தலைவர் அறிவித்தார்.

மேலே எங்கள் வீட்டில் அந்த ஒலிபெருக்கிச் சத்தத்தைத் தாங்க முடியாமல் ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, அமோனியம் பாஸ்பேட்டுக்குச் சுவர் எந்தப் பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். மனைவி சொன்னாள்.

தேர்வு முடிவு அடுத்த வாரம் வந்தது. இவள் சுமாரான மதிப்பெண்ணில் தப்பித்தாள். தோழி இவளைவிடக் கொஞ்சம் கூட. இரண்டு பேரும் அறிவியலிலேயே இருக்கலாம். பிரிவு மாற்றப்பட்டவர்களின் பட்டியல் வந்ததும் வகுப்பில் ஒரு வரிசையே காலியானதாகச் சொன்னாள். அன்று மாலை அவள் அம்மாவிடம் போனில் வெகுநேரம் பேசினாள். பேசி முடித்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள் என்று நினைக்கிறேன். கதவு சாத்தியிருந்தது.

செய்தி எப்படியோ தலைவருக்குப் போய்விட்டது. வட்டத்தின் வாட்ஸாப்பில், நம் அறிவியல் தமிழ் முயற்சியில் பயன்பெற்ற மாணவி வேதியியலில் வெற்றி என்று இரவே அறிவித்துவிட்டார். கீழே வரிசையாகக் கைகூப்பல்களும் பூங்கொத்துகளும். மறுநாள் என்னை அழைத்து, மாணவியின் புகைப்படம் ஒன்று வேண்டும், பின்னால் உப்பியப் பட்டியல் தெரிய வேண்டும் என்றார். இவளிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"என் ஃப்ரெண்டும் கூட நிக்கறதுன்னா எடுத்துக்கலாம் பெரியப்பா," என்றாள்.

தலைவரிடம் தெரிவித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அது மெசேஜை டைல்யூட் பண்ணிவிடும் சார், என் பையன் மேடையில் நிற்கும் படமே இருக்கிறது, அதையே போட்டுக்கொள்கிறேன் என்றார். போட்டும்விட்டார்.

இதைச் சொன்னபோது இவள் வேறு கவலையில் இருந்தாள். தோழி இனிமேல் வாரம் மூன்று நாள் வருவாள், ஒவ்வொரு தடவையும் வாசலில் நிறுத்திவைக்கிறார்கள், அதற்கு மட்டும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். குடியிருப்பின் செயலியைத் திறந்தேன். தினமும் வந்துபோகிறவர்களைப் பதிந்துவிட்டால் காவலாளி தடுக்க மாட்டார். வகை தேர்ந்தெடுக்கச் சொன்னது: வீட்டு வேலை, சமையல், ஓட்டுநர், பால், இஸ்திரி, டியூஷன் டீச்சர். தோழி என்று ஒரு வகையே இல்லை. டியூஷன் டீச்சர் என்பதைத் தொட்டேன். பாடம் எது என்று கேட்டது. வேதியியல் என்று பதிந்தேன்.