விமானத்தின் நான்காவது சக்கரம்

சிக்கந்தர் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது!

பதினொரு ஆண்டுகளாக இந்த ஒரு வரியை விழுங்கிக்கொண்டு நடமாடுகிறேன். யாங்கோனில், எங்கள் தாமுவேப் பக்கத்துத் தமிழர்கள் யாரைக் கேட்டாலும், அந்த விமான வண்டியைக் கொண்டுபோய் மொஹிங்கா என்கிற மீன்குழம்புச் சேமியா விற்கும் கடையில் மோதியவன் சிக்கந்தர் என்பார்கள். சிக்கந்தரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வான். அதுதான் என்னைக் கொல்கிறது... அவனே அப்படி நம்புகிறான்.

அப்படி நம்பவைத்தவன் நான். ஒரே ஒரு கேள்வியால்!

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதால்தான் உங்களிடம் வாய் திறக்கிறேன். கேட்டு முடித்ததும் என்னைத் திட்டுங்கள். 'பாவம், மனுஷன் நொந்துபோயிருக்கிறான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நான் வண்டிகளுக்குக் கூடு கட்டுபவன். கோயில் பதிவேட்டில் பழனிவேல், அடையாள அட்டையில் டின் வின், ஷ்வேப்யிதாவில் இருக்கும் என் பட்டறையில் எல்லோருக்கும் 'சயா'. ஆசிரியரையும் கைத்தொழில் தெரிந்தவரையும் பர்மியர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கனத்துப்போயிருந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் ஊ சோ லின் என்ற பணக்காரர் பட்டறைக்கு வந்தார். அவர் மகனுக்கு ஷின்பியூ. பிள்ளைகளைத் துறவு மடத்தில் சேர்க்கும் முன் இளவரசனைப்போல் உடுத்தி ஊர்வலமாக அழைத்துப்போவார்களே, அந்தச் சடங்கு. குதிரையில் ஏற்றுவார்கள், வசதி படைத்தவர்கள் யானையே கொண்டுவருவார்கள். இவருக்கு அதெல்லாம் போதவில்லை.

"எம்பிள்ளை விமானத்துல போகணும், சயா. தெருவுல ஓடுற விமானம். முடியுமா?"

பழைய ராணுவச் சரக்கு விமானம் ஒன்றின் உடலை இரும்புக் கடையில் வாங்கிப் போட்டிருந்தார். இறக்கை இல்லை, எஞ்சின் இல்லை. வயிறு மட்டும் கிடந்தது.

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... ஆனால் அந்த வார்த்தை என் வாயில் வராது. அது எனக்குப் பிடித்த வியாதி.

இந்த ஊரில் ராணுவ விமானம் என்றால் யாரும் கைதட்டி வேடிக்கை பார்க்க மாட்டார்கள். ஆகவே முதல் வேலையாக அதன் பச்சை நிறத்தைச் சுரண்டி எடுத்து, பொன்னிறமும் ரோஜா நிறமும் அடித்தேன். வாலைப் பாதியாகக் குறைத்தேன். பழைய லாரி ஒன்றின் சேஸியை நடுவில் அறுத்து, நீளம் சேர்த்து, அதன்மேல் விமானத்தை உட்காரவைத்தேன். சேஸி நீண்டால் பிரேக் குழாய்களும் நீள வேண்டும். எல்லாம் புதிதாகப் போட்டேன்.

விமானி உட்காரும் இடத்தில்தான் ஓட்டுநர் உட்கார வேண்டும் என்று அடம்பிடித்ததும் நான்தான். அங்கே இடம் குறுகல். கிளச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றையும் நெருக்கி நெருக்கி வைத்தேன். அழகாகத்தான் இருந்தது!

ஓட்டச் சிக்கந்தரைக் கூப்பிட்டேன். அவன் குடும்பம் கடல் கடந்து வந்து மூன்று தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்கிற குடும்பம். அவனுக்கு மட்டும் கடையில் உட்காரப் பிடிக்கவில்லை. மீசை முளைத்த வயதில் லாரி ஏறியவன். மலைப்பாதை, மழைச்சேறு, உடைந்த பாலம் எல்லாவற்றிலும் ஓட்டியவன். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. சின்ன வயது முதல் நாங்கள் மச்சான், மச்சான்தான். அவன் காலுக்குக் கண் இருக்கிறது என்று நானே பலரிடம் பெருமை அடித்திருக்கிறேன்.

வண்டியை உரியவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் நாள் வெள்ளிக்கிழமை. இங்கேதான் என் தப்பு ஆரம்பிக்கிறது, கவனமாகக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறக்கும். புது வண்டியின் சக்கரம் அதற்குள் உருண்டுவிட வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். ஊ சோ லினுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. சாயங்காலத்துக்குள் வந்தால் போதும் என்றிருந்தார். சிக்கந்தருக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போக வேண்டும், அதன் பிறகு எவ்வளவு நேரமானாலும் அவனுக்குச் சரிதான். யாருமே என்னை அவசரப்படுத்தவில்லை. நானே கிழித்த கோடு, நானே அதைத் தாண்டக் கூடாது என்று ஓடினேன்!

புதுக் குழாய் போட்டால் பிரேக்கில் காற்று நிற்கும். ஒவ்வொரு சக்கரமாக அதை வெளியேற்ற வேண்டும். 'ஏர் எடுப்பது' என்போம். சக்கரத்தின் திருகில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் புட்டியில் விட்டு, மேலே ஏறிப் பிரேக்கை மிதிக்க வேண்டும். பிறகு இறங்கி வந்து, புட்டியில் குமிழி நின்றதா என்று பார்க்க வேண்டும். துணைக்கு ஆள் வைத்தால் சீக்கிரம் முடியும். அந்த வேலையை மட்டும் நான் யாரிடமும் விடுவதில்லை. விமானத்தின் மூக்கில் ஏறுவதும் இறங்குவதுமாக மூன்று சக்கரம் முடித்தேன். மணி பத்தே கால் ஆகிவிட்டது.

முன்பக்க வலது சக்கரம் பாக்கி.

அதைச் செய்யவில்லை.

செய்ய மறந்தேன் என்று சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்... மறக்கவில்லை! மேலே ஏறி மிதித்துப் பார்த்தேன். மிதி கொஞ்சம் கொழகொழவென்றுதான் இருந்தது. மூன்று பிடிக்கும், மெதுவாகத்தானே போகப் போகிறான், போய்ச் சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அந்த நான்காவது சக்கரத்தின் முன்னால் குனிந்து பழத்தை நேராக வைக்க எனக்கு நேரம் இருந்தது, பாருங்கள்.

சிக்கந்தர் ஏறி உட்கார்ந்து, மேலிருந்து குரல் கொடுத்தான்.

"நாலும் பாத்துட்டியா மச்சான்?"

"பாத்துட்டேன், எடு! நேரமாவுது!"

அவன் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்பது அவன் கணக்கு. தேங்காய் உடைத்தேன். பழங்கள் நசுங்கின. பட்டறை ஆட்கள் கைதட்டினார்கள். நான் முன்னால் மோட்டார் சைக்கிளில் வழி விலக்கிக்கொண்டு போனேன், ராஜாவைப்போல.

தொழிற்சாலைச் சந்துகளில் ஒன்றும் நடக்கவில்லை. வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் ஒரு சரிவு. சரிவின் அடியில் சைக்கிள் ரிக்‌ஷா ஒன்று குறுக்கே வந்தது. திரும்பிப் பார்த்தேன். பொன்னிற மூக்கு நிற்காமல் வந்துகொண்டிருந்தது. ரிக்‌ஷாவைத் தப்பவிட்டது, ஆனால் அப்படியே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், மர நிழலில் இருந்த மொஹிங்காக் கடையில் ஏறி நின்றது. வலது சக்கரம் பிடிக்காவிட்டால் வண்டி இடதுபக்கம்தான் இழுக்கும். அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைக்காரம்மா டோ மியாவின் கால்மேல் கொதிக்கிற குழம்புப் பானையோடு மேஜை விழுந்தது. அந்தக் குரலை எழுத என்னால் ஆகாது...

சிக்கந்தர் இறங்கி ஓடிவந்து, வெறுங்கையால் பானையைத் தள்ளி, அந்த அம்மாவைத் தூக்கினான். தன் கை வெந்ததே அவனுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"மிதி கீழ போயிருச்சு மச்சான்... மிதிச்சேன், அப்படியே தரை வரைக்கும் போயிருச்சு."

இப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். ஏர் எடுக்கலடா, தப்பு என்னுது என்று நான்கு சொல்! என் நாக்கு வேறொன்றைச் சொன்னது.

"அவசரத்துல கிளச்ச மிதிச்சிட்டியோ?"

அவ்வளவுதான் கேட்டேன். கிளச்சும் அப்படித்தான் லேசாகத் தரை வரைக்கும் போகும். மிதிகள் நெருக்கமாக வேறு இருந்தன. சிக்கந்தர் தன் காலைக் குனிந்து பார்த்தான். முதல் தடவையாக அந்தக் காலைச் சந்தேகப்பட்டுப் பார்த்தான். அவன் முகத்தில் அந்தச் சந்தேகம் ஏறி உட்காருவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அதோடு நின்றேனா? இல்லை! போலீஸார் வண்டியை இழுத்துக்கொண்டுபோய் என் பட்டறையில் விட்டார்கள். சோதிக்க ஆள் சாயங்காலம் வருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் புகுந்தேன். நான்காவது சக்கரத்தின் திருகைத் திறந்தேன். புட்டிக்குள் குமிழி குமிழியாக வந்தது. நிற்கும்வரை எடுத்தேன். நல்ல வேலை, சுத்தமான வேலை. வந்தவர் மிதித்துப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லா பிடிக்குதே, சயா" என்றார். ஆமாம் என்றேன்.

சிக்கந்தர் மூன்று மாதம் உள்ளே இருந்தான். அவன் யார்மேலும் பழி போடவில்லை. "கிளச்ச மிதிச்சிட்டேன் போல" என்று அவனே எழுதிக் கொடுத்தான். உரிமமும் போயிற்று. சில வருடம் கழித்துத் திரும்ப வாங்கலாம் என்றார்கள். அவன் வாங்கப் போகவில்லை.

ஊர்வலம் மட்டும் ஜாம் ஜாமென்று நடந்தது. வேறு ஓட்டுநர், அதே விமானம். ஜரிகைத் தலைப்பாகையோடு அந்தப் பிள்ளை ஜன்னலிலிருந்து கையசைத்தான். படம் எடுத்தவர்கள் எத்தனை பேர்! அதன் பிறகு என் பட்டறைக்கு வேலை வந்து குவிந்தது. லாரியைப் படகாக்கு, பேருந்தை அன்னமாக்கு என்று கேட்டு வந்தார்கள். எல்லாவற்றையும் செய்து கொடுத்தேன். நான்கு சக்கரத்துக்கும் ஏர் எடுத்துத்தான் கொடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சிக்கந்தர் இப்போது அண்ணன் துணிக்கடையில் லோஞ்சி என்கிற பர்மியக் கைலிகளை மடித்து வைக்கிறான். சின்ன வயதில் எதற்குப் பயந்து ஓடினானோ அதே பலகையில் உட்கார்ந்திருக்கிறான். பேருந்தில் ஏறினால் கடைசி இருக்கைக்குப் போய்விடுவான். ஓட்டுநரின் காலைப் பார்க்க முடியவில்லையாம். டோ மியா சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறார். மாதம் ஒருமுறை அவரைப் போய்ப் பார்க்கிறான். என்னையும் கூப்பிடுவான். எனக்கு அன்றைக்கெல்லாம் ஏதாவது வேலை வந்துவிடும்.

எப்போதாவது லபெயே கடையில் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது கேட்பான்.

"மச்சான், பிரேக்கு மேல காலு இருந்த மாதிரிதான் இன்னும் தோணுது. இத்தினி வருசமா மிதிச்ச காலு... அது எப்படி மாறிப்போச்சு?"

"வயசாவுதுல்ல" என்பேன். வண்டி மோதிய அன்றைக்கு அவனுக்கு நாற்பத்தொன்றுதான்!

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

போன மழைக்காலத்தில், ஒரு நடுப்பகல். என் வீட்டு வாசலில் சிக்கந்தர் நின்றான். முழுக்க நனைந்திருந்தான், மூச்சு இரைத்தது. கையில் கார் சாவி. மகள் பாத்திமாவுக்கு வலி எடுத்துவிட்டது, மருமகன் வெளியூரில் இருக்கிறான். அவன் வீட்டு வாசலிலேயே மருமகனின் கார் நிற்கிறது. அதை விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நான்கு தெரு நடந்து என்னிடம் வந்திருக்கிறான்.

"ஏறி உக்காந்தேன் மச்சான். சாவியும் போட்டேன். காலு நகரல. புள்ள பின்னால கத்துது, எனக்குக் காலு நகரல..." என்றவன், சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். "நீ ஓட்டு. ஒன் கால நம்பலாம்."

ஓட்டினேன். அவன் பின்னால் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஓதிக்கொண்டே வந்தான். டாக்டரம்மா எங்களைக் கடிந்துகொண்டார். அரை மணி முன்னால் வந்திருக்க வேண்டாமா என்று கேட்டார். பாத்திமா பிழைத்தாள். பெண் குழந்தை பிறந்தது. முதலில் அது அழவில்லை. அது அழுகிற வரைக்கும் நாங்கள் இருவரும் நடையில் நின்றுகொண்டிருந்தோம். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

அழுகுரல் கேட்டதும் சிக்கந்தர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "ஒன்னாலதான் மச்சான், ஒன்னாலதான்" என்றான்.

ஆமாம், என்னால்தான்! அந்த அரை மணியும் என்னால்தான்.

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் எது? நடையில் வேறு யாரும் இல்லை. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தேன். "டீ குடிக்கலாமா?" என்றேன். சரி என்று என் பின்னாலேயே வந்தான்.

அன்றைக்கு ராத்திரி முதல் எழுத ஆரம்பித்து இன்றைக்கு முடித்திருக்கிறேன். எழுதிவிட்டால் பாரம் குறையும் என்பார்களே... குறையவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும், நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். சிக்கந்தர் தமிழ் பேசுவான், ஆனால் ஒரு எழுத்துக்கூட வாசிக்க மாட்டான். அவன் படித்ததெல்லாம் பர்மியப் பள்ளியில்.

பர்மிய மொழியில் எழுத எனக்கு நன்றாகவே வரும்.