துருவ நட்சத்திரம் தெரியாத மாடி

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மருத்துவர் சொன்னபடி நானும் மனைவியும் மாலையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள குண்டசாலை வீதிகளில் நடக்கப் போவோம். ஒருநாள் இருட்டுகிற நேரம், எதிர் மலைக்கு மேலே ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது என்ன நட்சத்திரம் என்று மனைவி கேட்டாள். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வியாழன் என்றேன். அதற்கு நான்கு பெரிய நிலாக்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அடுத்த நாளும் வியாழன் அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த நாள் வானம் முழுக்க மேகம், அப்போதும் இருந்தது. மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. எதையும் சட்டென்று சொல்லிவிட மாட்டாள். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, உது டவர் லைட் எண்டு நினைக்கிறன்."

வேறு யாராக இருந்தாலும் இனிமேல் வானத்தைப் பற்றிப் பேசாமல் இருந்திருப்பார்கள். நான் தொலைநோக்கி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு பேச்சில்லை. காலைத் தேநீரோடு கணினியில் உட்கார்ந்தால் மதியம்வரை படிப்பேன். லென்ஸுக்குப் பதில் குழியாடி வைத்த தொலைநோக்கியை அவ்வப்போது திருகித் திருகிச் சரி செய்ய வேண்டுமாம். மின்விசிறிக்கு எண்ணெய் விடப் போய் அதன் இறக்கையை வளைத்தவன் நான். அதனால் முன்னால் லென்ஸ் வைத்த நீளக் குழாய்தான் நமக்குச் சரி என்று தீர்மானித்தேன். சோம்பேறித்தனத்தால் எடுத்த அந்த ஒரு முடிவு மட்டும் கடைசிவரை பிழையாகப் போகவில்லை.

கண்டி டவுனில் மூக்குக் கண்ணாடியும் கமராவும் விற்கும் கடை ஒன்றில் இரண்டு லென்ஸ் தொலைநோக்கிகள் இருந்தன. ஒன்று குட்டையானது, மேலும் கீழும் பக்கவாட்டிலும் தள்ளினால் திரும்பும் சாதாரண முக்காலி. மற்றது பெரியது. அதன் தாங்கியில் பல்சக்கரங்களும், நீளமான கம்பியில் கோர்த்த இரும்பு எடையும் இருந்தன. துருவ நட்சத்திரத்தை நோக்கி அதை வைத்துவிட்டால், ஒரு திருகைச் சுற்றினாலே நட்சத்திரங்களைப் பின்தொடரலாம்.

கடை முதலாளி பெட்டியைக் காட்டினார். "இது ஐந்நூறு மடங்கு பெருசாக் காட்டும் சேர்."

இதற்காகத்தான் நான் மாதக்கணக்கில் படித்திருந்தேன். மடங்கெல்லாம் விளம்பரம், பார்க்க வேண்டியது லென்ஸின் அகலம் என்று ஆரம்பித்தேன். மூக்குக் கண்ணாடி வாங்க வந்த இருவரும் நின்று கேட்டார்கள். முதலாளி இரண்டு தரம் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தாங்கியின் மகிமைக்குப் போனேன்.

மனைவி குட்டையானதைத் தொட்டுப் பார்த்தாள். "சந்திரனைப் பாக்க இது போதாதோ?"

"அது சின்னப் பிள்ளைங்களுக்கு," என்றேன்.

"அப்ப உந்த இரும்பை மாடிக்கு ஆர் தூக்குறது?"

"நான்தான்."

பெரியதை வாங்கினோம். முச்சக்கர வண்டியில் பெட்டி ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு வந்தது. மனைவி மிச்ச இடத்தில் இரும்பு எடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மழை விடும்வரை காத்திருந்தோம். வானம் வெளுத்த ஒரு மாலையில், நாலு தரம் ஏறி இறங்கி எல்லாவற்றையும் மொட்டை மாடியில் சேர்த்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்தபடியே தாங்கியைப் பூட்டினேன். வழிகாட்டிப் புத்தகத்தின் முதல் வரி, துருவ நட்சத்திரத்தைத் தேடு என்றது.

வடக்கே பார்த்தேன். வடக்கே மலை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலிருக்கும் நம் நாட்டில் அந்த நட்சத்திரம் தரையை ஒட்டித்தான் நிற்கும். லென்ஸைப் பற்றி, கண்ணாடியின் வகையைப் பற்றி எல்லாம் படித்த நான், என் வீட்டைச் சுற்றி மலை இருப்பதை மட்டும் யோசிக்கவில்லை. சரி, குத்துமதிப்பாகத் திருப்புவோம் என்று தாங்கியைத் தாழ்த்தினேன். எடை கோர்த்த கம்பி முக்காலியின் காலில் இடித்து நின்றது. இந்தத் தாங்கியைச் செய்தவர்கள் கண்டிக்காரர்களை நினைத்திருக்கவில்லை.

"எங்க அந்த நட்சத்திரம்?" என்று கேட்டாள் மனைவி.

"மலைக்குப் பின்னால."

"அப்ப நாங்கள் வீடு மாற வேணுமோ?"

சில நாட்கள் கழித்து அதைத் திரும்பக் கடைக்குக் கொண்டுபோனோம். மாடியில் இடம் போதாது என்று காரணம் சொன்னேன். முதலாளி சிரிக்கவில்லை.

"இதுக்கு முந்தி வாங்கின ஒருத்தரும் திருப்பிக் கொண்டு வந்தாரு சேர். கம்பி இடிக்குதுன்னு சொன்னாரு."

"அப்ப அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் பாத்தேன். நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க."

குட்டையானதை மாற்றி எடுத்துக்கொண்டேன். இந்த முறை வண்டியில் மனைவியின் மடிக்குச் சுமை இல்லை.

அன்று சாப்பிட்டதும் மனைவியே அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள். தென்கிழக்கில் மஞ்சளாக ஒரு புள்ளி. பேரைச் சொல்ல நா துடித்தது. அடக்கிக்கொண்டு குழாயைத் திருப்பினேன். புள்ளி பல தரம் நழுவி ஓடியது. பிறகு வந்து நடுவில் நின்றது. சின்னஞ்சிறு உருண்டை, அதைச் சுற்றி மெல்லிய ஒரு வளையம். சனியின் படத்தை ஆயிரம் தரம் பார்த்திருப்பேன். ஆனால் இது படம் இல்லை. மலைக்கு மேலே, அந்த நேரத்தில் அங்கேயே இருந்தது. எனக்குப் பேச்சு வரவில்லை.

"என்ன தெரியுது?"

விலகி இடம் விட்டேன். அவள் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தாள்.

"சின்னனா இருக்கு. ஆனா எவ்வளவு வடிவு."

எனக்குப் பேச்சு திரும்பி வந்தது. "அந்த வளையம் முழுக்கப் பனிக்கட்டி. அதுல பார்த்தா—"

"கொஞ்சம் கதையாம இருங்கோ," என்றாள், கண்ணை எடுக்காமலே. "அது அசையுது. நான் பாத்து முடிச்சிட்டுக் கேக்கிறன்."

நான் மாடிச் சுவரில் உட்கார்ந்து என் முறைக்குக் காத்திருந்தேன்.