சென்னியப்பனின் சின்னக் கிரகம்

எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் காட்டுக்காரன் சென்னியப்பனுக்கு ஜாதகத்தில் ஏழாமிடத்தில் செவ்வாய். மல்லசமுத்திரத்தைச் சுற்றிப் பெண் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். கட்டிக்கொண்டு வருகிறவள் பிழைக்க மாட்டாள் என்றால் யார் கொடுப்பார்கள்? பெற்றவர்கள் போன பிறகு தானே பொங்கி, தானே தின்று, மாட்டோடு பேசிக்கொண்டு கிடந்தான். பாவமாகத்தான் இருக்கும்.

அவனைத்தான் கட்டுவேன் என்று ஒருத்தி நின்றாள். சௌந்திரம், அவனுடைய தாய்மாமன் மகள். தோஷமில்லாத ஜாதகம், அதனால் பொருந்தாது என்றார்கள். அவள் அப்பனை நச்சரித்து மாரியம்மன் கோயிலில் பூக்கேட்க வைத்தாள். சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு ஒன்றை எடுத்ததில், வெள்ளை வந்தது. ஆத்தாளே சரி என்ற பிறகு என்ன தடை? மாப்பிள்ளைதான் தடை! அவள் செத்துப்போனால் என்ன செய்வது என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான்.

அது எழுபத்தெட்டாம் வருடம். ரேடியோவில் விவசாய நிகழ்ச்சி முடிந்ததும் யாரோ செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் ஒரு சின்னக் கிரகத்தைப் பற்றிப் பேசினார். வெறும் கல்தானாம், கண்ணுக்குத் தெரியாதாம், சூரியனைச் சுற்றிவர நாலரை வருடமாம். நானும் கூடத்தான் கேட்டேன். இவன் புத்தி எங்கே போனது பாருங்கள். சனிப்பெயர்ச்சி மாதிரி இதற்கும் பெயர்ச்சி உண்டு, ஒரு சுற்று முடிந்தால் செவ்வாயின் உக்கிரம் தணியும் என்று தானே முடிவுகட்டினான். ஜோசியர் சுவாமிநாதன், கட்டத்தில் அதற்கு இடமே இல்லையப்பா என்று சிரித்தார். நான் சொன்னதும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சௌந்திரம் கடலைக்காட்டுக்கே வந்துவிட்டாள்.

"செத்தாலும் உங்க ஊட்டுல சாவறனுங்க மாமா."

"நீ சாவக்கூடாதுன்னுதான் சாமி. ஒரு சுத்து முடியட்டும்."

வந்த வரன்களையெல்லாம் தட்டிவிட்டு அவள் காத்திருந்தாள். இவன் பொழுது சாய்ந்தால் வரப்பில் உட்கார்ந்து, தெரியாது என்று தெரிந்தும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சுற்று முடியவில்லை. அதற்குள் மஞ்சள் காமாலை வந்து, சௌந்திரம் அப்பன் வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். அவள் தம்பி கொள்ளி வைத்தான். சென்னியப்பன் ஊராரோடு ஊராராகத் தள்ளி நின்றான். மாமன் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்துச் சுவாமிநாதன் தானாகவே அவன் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். நெஞ்சில் நினைத்தவளைக் கொண்டுபோய்விட்டதால் செவ்வாய் அடங்கிவிட்டது, தோஷம் கழிந்தது, எருமப்பட்டியில் ஒரு பெண் இருக்கிறது என்றார். வாயில் எப்படித்தான் வந்ததோ! சென்னியப்பன் மெதுவாகக் கேட்டான்.

"அப்படீன்னா அவ எம் பொண்டாட்டிதானுங்களே? கொள்ளி வெக்க என்னைய ஏனுங்க கூப்புடல?"