பிறந்த வீடு தெரிந்த வார்த்தைகள்

எங்கள் வீட்டில் ஆங்கில வார்த்தைகளுக்குப் பிறந்த வீடு உண்டு. சொன்னால் சிரிப்பார்கள் என்று இதை இத்தனை காலமாக யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பேசுவதென்றாலே கூச்சம். எழுதும்போது எதிரில் யாரும் இல்லாததால் கொஞ்சம் துணிச்சல் வருகிறது.

அப்போது நாங்கள் பினாங்கில் டத்தோ கிராமாட் சாலையோரமாக ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் தொங்காங் படகில் காலையில் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவார். பகலில் அம்மா, அக்கா, நான். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில் சாப்பிடுவார். மீதி நாள் எங்கள் வீட்டைப் பற்றி வெளியே பெருமையடிப்பார்.

அக்கா பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அன்றே எங்கள் ஜன்னலின் கீழ்க்கதவையும் சாத்திவிட்டார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று கதவு வைத்த பழைய காலத்து ஜன்னல் அது. காற்று வர மேல்கதவு போதும் என்பது அம்மாவின் கட்சி. கீழ்க்கதவு திறந்திருந்தால், தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கும் அக்காவுக்குச் சாலை தெரியும். சாலையில் போகிறவர்களுக்கு அக்கா தெரிவாள். அதனால் டிராம் வண்டியின் மணிச் சத்தம் மட்டும் அவளிடம் வரும். "கூட்டமாடா?" என்று என்னைக் கேட்பாள். நான் எட்டிப் பார்த்துச் சொல்லுவேன். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறார்கள், சீனக் கிழவியின் கூடையில் கோழியா வாத்தா, எல்லாம் சொல்ல வேண்டும்.

நான் ஆங்கிலப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். தினமும் வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். எனக்கு அவை நிற்காது. எங்கள் வாத்தியார் ஒரு யுரேஷியர், பாதி வெள்ளைக்காரர். மத்தியானம் பிள்ளைகள் தூங்கி வழியும் நேரத்தில், ஏதாவது ஒரு வார்த்தையைப் பலகையில் எழுதி, அது எந்த ஊரில் பிறந்து எந்த வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது என்று சொல்லுவார். ஊர் தெரிந்த வார்த்தை ஓடிப்போகாது என்பது அவர் நம்பிக்கை. ஒரு நாள் 'கோடவுன்' என்று எழுதினார். துறைமுகத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த வார்த்தை. அது மலாய்க்காரர்களின் 'குடாங்' என்றும், அதற்கும் முன்னால் நம் ஆட்களின் 'கிடங்கு' என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டாள்.

"நம்ம வார்த்தையா? வெள்ளைக்காரன் வாயிலயா?"

"ஆமாக்கா. மலாய்க்காரங்க வழியாப் போச்சாம்."

"அப்ப பொறந்த வீடு நம்ம வீடு. போற வழியில மலாய்க்காரங்க வீட்டுல கொஞ்ச நாள் தங்கிட்டுப் போயிருக்கு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வார்த்தைக்குமாடி பொறந்த வீடு? சீர் செஞ்சு அனுப்புனாங்களா, இல்ல ஓடிப்போச்சா?"

அன்றிலிருந்து நான் பள்ளியிலிருந்து வந்ததும் அக்கா கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு யாரு வந்திருக்கா?" என்பதுதான். நான் வார்த்தையைச் சொல்லுவேன். அவள் அதைப் பெண் பார்க்க வந்தவள் போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். 'கேட்டமரான்' என்றதும் கட்டுமரம் என்று கண்டுபிடித்துக் கைதட்டினாள். 'செரூட்' வந்த நாள், மாமாவின் வாயிலிருந்த சுருட்டைக் காட்டி, "மாமா, உங்க வாயில இங்கிலீஷ் புகையுது" என்றாள். 'ரட்டான்' மலாய்க்காரர் வீட்டுப் பெண், நம் முதுகுக்குப் பழக்கமான பிரம்பு. இப்படிப் பழகிய வார்த்தைகள் எனக்கு மறக்கவே இல்லை. அக்காவுக்கும் மறக்கவில்லை.

ஒரு நாள் 'விண்டோ' வந்தது. இது நம் பக்கத்து வார்த்தை இல்லை. வடக்கே எங்கேயோ குளிர் நாட்டில் பிறந்ததாம். காற்றின் கண் என்பது அதற்கு அர்த்தமாம். அக்கா இதற்குக் கைதட்டவில்லை. சாத்தியிருந்த கீழ்க்கதவைப் பார்த்துக்கொண்டே, "காத்துக்குக்கூடக் கண்ணு குடுத்திருக்காங்க" என்றாள். பிறகு நூல் கோக்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் மாமா மேடானிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை அங்கே புகையிலைத் தோட்டத்தில் கிராணி. நாள் முழுதும் ஆட்களோடு நின்று கணக்கு எழுதுகிற உத்தியோகம், நாலு பாஷை தெரியுமாம். பெண்ணுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு என்று மாமா தம் பங்குக்குச் சொல்லி வைத்துவிட்டார். வீட்டில் அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "குட் மார்னிங், தேங்க் யூ, மை நேம் இஸ்" மூன்றையும் நான் அக்காவுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. அக்கா அதை அன்று மத்தியானமே சுத்தமாகக் கற்றுக்கொண்டாள்.

மேடான் என்றால் கப்பலேறிப் போக வேண்டும். சமையல்கட்டுப் பின்னால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "சரியாச் சொல்லாதக்கா. சொல்லாட்டி உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க" என்றேன். அவள் என் தலையைக் கலைத்துவிட்டுப் போனாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லி. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் சேர்த்து அவர் அக்கா பேசினார்.

"பொண்ணுக்கு இங்கிலீஷ் வருமாமே. உங்க அண்ணன் பாசார் பூராச் சொல்லி வச்சிருக்காரு. எங்க, நாலு வார்த்தை பேசச் சொல்லுங்க, கேப்போம்."

"பேசு தாயி. குட் மார்னிங்ல ஆரம்பி" என்றார் மாமா.

அக்கா கோப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தரையைப் பார்த்தபடி, ஒவ்வொன்றாக, "கேட்டமரான். செரூட். கறி. மேங்கோ" என்றாள்.

மாப்பிள்ளையின் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கட்டுமரம், சுருட்டு, கறி, மாங்கா! நாக்கக் கொஞ்சம் கோணலா வச்சா இங்கிலீஷா? இந்த இங்கிலீஷ் எனக்கும் வரும் லா!"

"அது கொஞ்சம் உசந்த இங்கிலீஷு" என்று மாமா முனகினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் கதவோரம் நின்று சந்தோஷத்தில் குதிக்காத குறை. அக்கா எனக்காகக் கெடுத்துவிட்டாள், இனி மேடான் இல்லை.

அப்போதுதான் மாப்பிள்ளை தொப்பியிலிருந்து கண்ணை எடுத்தார். அவர் சிரிக்கவில்லை.

"வேற?" என்றார்.

அக்கா முதல் தடவையாக அவர் பக்கம் பார்த்தாள். "விண்டோ" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "காத்தோட கண்ணு. அது பொறந்த ஊர்ல அப்படித்தான் அர்த்தமாம்" என்றாள்.

மாப்பிள்ளை எங்கள் ஜன்னலைப் பார்த்தார். மேலே திறந்திருந்ததையும் கீழே சாத்தியிருந்ததையும் பார்த்தார். தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "ரொம்பப் புழுக்கமா இருக்கு" என்று சொல்லி, கீழ்க்கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். நெடுநாள் திறக்காத கதவு, முதலில் அசையவில்லை. முழங்கையால் ஓர் இடி இடித்தார். வெளிச்சம் தரையில் விழுந்து அக்காவின் பாதம் வரைக்கும் வந்தது.

"தோட்டத்துல நாள் பூரா வெயில்ல நிக்கிறவனுக்கு இங்க வந்து புழுங்குதாக்கும்!" என்றார் அவர் அக்கா.

கதவைச் சாத்த எழுந்த அம்மா, விருந்தாளி திறந்ததை எப்படிச் சாத்துவது என்று தெரியாமல் பாதியில் நின்றுவிட்டாள். சாலையில் டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று. அக்கா தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள். கடைசிப் பெட்டி மறைகிற வரைக்கும் பார்த்தாள். கூட்டமா என்று என்னைக் கேட்கவில்லை.

மாலையில் மாமா வந்து, மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்றார். நான் கிணற்றடியில் போய் அழுதேன். அக்கா தேடிக்கொண்டு வந்தாள்.

"நாலோட நிறுத்தியிருக்கலாம்ல? ஏன்க்கா அதையும் சொன்ன?"

"அவரு கேட்டாருடா" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பள்ளியில் அதிக நாள் இருக்கவில்லை. படகில் அப்பாவுக்குக் காலில் அடிபட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு வேலைக்கு வந்துவிட்டேன். இன்றைக்கும் கிடங்கில்தான் வேலை. மூட்டைகளிலும் பெட்டிகளிலும் அச்சடித்திருக்கும் வார்த்தைகளைப் பார்த்தால், இது யார் வீட்டுப் பெண்ணோ என்று மனம் கேட்கிறது. பதில் தெரிந்தாலும் சொல்ல ஆள் இல்லை. அக்கா ஓரிரு முறை வந்து போனாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. சுற்றிலும் பெண்கள் கூட்டம். எனக்கோ அப்போது மீசை அரும்பி, கூச்சம் இன்னும் கூடியிருந்தது. கூட்டத்துக்கு மேலாக அவள் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள். இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் சிரித்துவிட்டு வாசலுக்குப் போய்விடுவேன். பிறகு அவள் வரவில்லை. மேடானிலேயே இருந்துவிட்டாள்.

அவள் போன பிறகு எங்கள் ஜன்னலின் கீழ்க்கதவை யாரும் சாத்தவில்லை. மறைத்து வைக்க வீட்டில் ஆள் இல்லை. அவள் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்து, டிராமில் யார் யார் போகிறார்கள் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன்.

அவள் கப்பலேறிய நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அக்காவுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பாசாரில் ஒரு பனையோலை விசிறி வாங்கி வைத்திருந்தேன். படகுத்துறை ஜெட்டியில் எல்லோரும் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது அதை அவள் கையில் கொடுத்தேன்.

"எனக்காடா?"

"இல்லக்கா, அவருக்கு. அவருக்குப் புழுக்கம் தாங்காதுல்ல."

அக்கா விசிறியைப் பார்த்தாள். சற்றுத் தள்ளி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்த அத்தானைப் பார்த்தாள். குனிந்து என் காதோரம், "அன்னிக்கு அவருக்கு ஒண்ணும் புழுங்கலடா" என்றாள். விசிறியை மார்போடு அணைத்துக்கொண்டு, கப்பலுக்குப் போகும் படகில் இறங்கிவிட்டாள்.

பிறகு எதற்காக அந்த ஜன்னலைத் திறந்தார் என்று, ஜெட்டியிலிருந்து வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன்.