அம்மாவின் கீழ்த்தாடை

அம்மாவுக்குக் கீழ்வரிசையில் மிஞ்சியிருந்தது முன்பக்கத்து ஆறு பல்தான். கடைவாய்ப் பற்களெல்லாம் ஏற்கெனவே போயிருந்தன. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல்வலிக்கு ஒரே வைத்தியம், பிடுங்கிவிட்டு வருவது. பிடுங்கினால் ஒரு நாள் வேலையோடு போகும். காப்பாற்றுவதென்றால் பல நாள் கொழுந்து பறிக்கப் போகாமல் இருக்க வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லாத இடத்தில் பல்லைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

அந்த ஆறும் ஆட ஆரம்பித்தபோது நான் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தீபாவளிக்கு வந்து கடைக்குத் திரும்பவேண்டிய அன்று காலையில்தான் அம்மா கேட்டாள்.

"தம்பி, டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டுப் போறியா? டாக்டருகிட்ட பேசணும்."

பல் டாக்டர் சிங்களவர். அம்மாவுக்குச் சிங்களம் வராது என்பது எங்கள் வீட்டில் முடிந்த முடிவு. எரிச்சலோடுதான் போனேன். வட்டவளையில் மத்தியான ரயிலைப் பிடிக்க வேண்டும். விட்டால் மறுநாள் கடை திறக்கும்போது நான் இருக்க மாட்டேன், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

டாக்டர் நல்ல மனிதர். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பழியை அவர் தலையில் போட எனக்கு எத்தனையோ தடவை ஆசை வந்திருக்கிறது. ஒவ்வொரு பல்லாக அசைத்துப் பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். ஈறுக்கு அடியில் அழுக்கு இறுகிப்போயிருக்கிறது, அதனால் பல்லைப் பிடித்திருக்கிற எலும்பு கரைந்துகொண்டு வருகிறது. வாரம் ஒருமுறையாக நான்கு முறை வந்தால் ஆழம்வரை சுத்தம் செய்துவிடலாம். வீட்டிலும் ஒழுங்காகத் துலக்கி, வெற்றிலையை விட்டால், ஆறில் நாலு பல்லாவது இன்னும் பல வருடம் நிற்கும். போன எலும்பு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு முறையும் அம்மாவோடு யார் வருவது? அப்பா இல்லை. தங்கச்சி கல்யாணமாகி வலப்பனைப் பக்கம் போய்விட்டாள். லீவு கேட்டு நான்தான் வர வேண்டும்.

"என்னாங்கிறாரு?" என்றாள் அம்மா.

"எல்லாத்தயும் புடுங்கணுமாம். வேற வழி இல்லியாம்."

அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள். நான் டாக்டர் பக்கம் திரும்பி, அம்மாவால் நாலு தடவை வர முடியாதாம், எல்லாவற்றையும் பிடுங்கிவிடச் சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன். நிச்சயமா என்று அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தலையாட்டியவன் நான்.

ரயிலைப் பிடித்துவிட்டேன். அம்மா வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு தனியாக பஸ் ஏறி லயத்து வீட்டுக்குப் போனாள்.

அப்புறம் கட்டுப்பல் செய்து கொடுத்தேன். மகன் பல் கட்டிக் கொடுத்தான் என்று லயம் முழுக்கப் பேச்சு, எனக்கும் பெருமை தாங்கவில்லை. இரண்டு வருடம் நன்றாக இருந்தது. பிறகு கீழ்ப்பல் வழுக்க ஆரம்பித்தது. பேசும்போது எழும்பியது, ஈறெல்லாம் புண். அம்மா அதைக் கழற்றி வைத்துவிட்டு, ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டு விழுங்கினாள். கன்னம் ஒட்டி, நாடி மூக்கை நோக்கி மேலே ஏறி, அறுபது வயதில் எண்பது வயதுக்காரி ஆகிவிட்டாள். நான் பல் செய்தவனைத் திட்டினேன். யாரையாவது திட்ட வேண்டும் இல்லையா?

போன வருடம் அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். தாடை எலும்பில் ஸ்குரூ இறக்கி அதன்மேல் பல் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, செய்த பாவத்தைத் துடைத்துவிட வேண்டும் என்றிருந்தது. அங்கே ஒரு தமிழ் டாக்டரம்மா. எக்ஸ்ரேயைக் காட்டினார். கீழ்த்தாடை பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தது. ஸ்குரூ பிடிக்க எலும்பு இல்லை என்றார்.

பல் இருந்தால்தான் மெல்லுகிற அழுத்தம் எலும்புக்குப் போகும், அது இல்லாவிட்டால் எலும்பு வருடா வருடம் குறைந்துகொண்டே வரும், சரியாக உட்காராத கட்டுப்பல் அழுத்தி இன்னும் குறைக்கும் என்று அவர் விளக்கினார்.

"செடியப் புடுங்கிட்டா மேட்டுல மண்ணு நிக்காதுங்க," என்றாள் அம்மா, தனக்கு முன்பே தெரிந்த விஷயம்போல.

எலும்பு வைத்துக் கட்டும் ஆபரேஷன் இருக்கிறதாம். ஆனால் அம்மாவுக்குச் சீனி வருத்தம், ரத்தத்தில் சீனி கட்டுக்குள் இல்லை, ஆகவே அதுவும் வேண்டாம். கட்டுப்பல்லின் அடியை இப்போதைய தாடைக்கு ஏற்றபடி திருத்தித் தரலாம், இரவில் கழற்றி வைக்க வேண்டும், அடிக்கடி வந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் செய்ய முடியும் என்றார். பிறகு, வந்ததும் எங்களிடம் கேட்டு எழுதிய விவரத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்.

"ஆறு பல்லையும் ஒரே நாள்ல ஏம்மா புடுங்குனீங்க? வேற வழி இருக்குன்னு யாரும் சொல்லலியா?"

நான் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னாருங்க. நாலு தடவ வரச் சொன்னாரு," என்றாள் அம்மா. "நாந்தாங்க முடியாதுன்னுட்டேன். எல்லாத்தயும் புடுங்கச் சொன்னேன்."

அன்று நான் சிங்களத்தில் சொன்ன பொய், வார்த்தை பிசகாமல் தமிழில் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்களிடம் நாற்பது வருடம் பேரம் பேசி மரக்கறி வாங்கியவள். நான்கு முறை என்பது அவளுக்கு விளங்காமலா இருந்திருக்கும்? அவள் பேசியதைச் சிங்களம் என்றே நாங்கள் மதித்ததில்லை.

"அன்னைக்கே வெளங்குச்சுன்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமேம்மா," என்றேன். என் குரலில் கோபம் இருந்தது. வெட்கக்கேடு, அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்கிட்ட நீ எங்க கேட்ட, தம்பி? புடுங்கணுமாம்னு சொல்லத்தான செஞ்ச."